பேரப்பிள்ளைகளோடு டிரெய்லர் பயணம்: அக்டோபர் முதல் ஜூலை வரை செய்த வேலைகள்

பின்பக்க இடது மூலையில், கீழ்ப்படுக்கைக்குச் சற்று மேலே, கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சுவர் உள்ளே போனது. வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். விலையில் ஆயிரம் டாலர் குறைந்ததும் அந்த மூலையால்தான். 2009-இல் செய்த டிராவல் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. உடம்பு 17 அடி, ஒற்றை ஆக்சில். முன்னால் எங்கள் இருவருக்கும் கட்டில், நடுவில் அடுப்பும் மேசையும், பின்சுவரை ஒட்டி மேலும் கீழுமாக இரண்டு சின்னப் படுக்கை. அந்த இரண்டு படுக்கைக்காகத்தான் வாங்கினேன்.

மகளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. மிச்சிகன் மாநிலத்துக் கேன்டனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள். ஜூலையில் நான்கு ராத்திரி, அம்மா அப்பா இல்லாமல், அப்புச்சியோடும் அம்முச்சியோடும், அதாவது தாத்தா பாட்டியான எங்களோடு, மிச்சிகன் ஏரிக் கரையில் தங்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நான் அழுத்திப் பார்த்த மூலையில்தான் ஒரு பிள்ளை தலைவைத்துப் படுக்கும். ஈரமும் பூசணமும் பிடித்த இடத்தில் பிள்ளையைப் படுக்கவைக்க மனம் வருமா? அதனால் முதல் வேலை அங்கேயே ஆரம்பித்தது.

மூலையை வெளியே மூடியிருப்பது ஓர் அலுமினியப் பட்டை. அதன் நடுவில் ஓடும் பிளாஸ்டிக் நாடாவை உருவினால் உள்ளே வரிசையாக ஸ்க்ரூ. மேலிருந்து ஐந்து ஸ்க்ரூ நல்லபடியாகக் கழன்றன. அடுத்த ஒன்பதில் தலை மட்டும் கையோடு வந்தது, உடம்பு துருப்பிடித்து உள்ளேயே நின்றுவிட்டது. தண்ணீர் எந்த உயரத்தில் புகுந்தது என்று அந்த ஒன்பதும் காட்டிக்கொடுத்தன. சரியாக அந்த இடத்துக்கு மேலே சிவப்பு மூலை விளக்கு. விளக்கின் அடியில் பூசியிருந்த சீலண்ட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை, காய்ந்து வெடித்திருந்தது. இத்தனை பாழுக்கும் காரணம் ஒரு விரற்கடை நீள வெடிப்பு.

பட்டையை நெம்பி எடுத்து, அலுமினியத் தகட்டை மெதுவாக விலக்கினேன். உள்ளே இருந்த ரீப்பர் கட்டை ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி கையில் உதிர்ந்தது. தரையிலிருந்து மூன்றரை அடி வரை இதே கதி. நல்ல மரம் தட்டுப்படும் வரை உளியால் வெட்டி எடுத்தேன். மரத்தின் ஈரம் பார்க்க இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டர் ஒன்று இருபது டாலருக்குக் கிடைக்கும். ஓரத்து மரத்தில் குத்தினால் 34 சதவீதம் காட்டியது. உள்ளே ஒரு மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வைத்து எட்டு நாள் ஓட்டினேன். 13-க்கு வந்த பிறகுதான் புது மரத்தைத் தொட்டேன். இந்த எட்டு நாளைச் சேமிக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் இரண்டு வருடத்தில் புதுக் கட்டையும் புண்ணாக்காகும்.

புதுக் கட்டைக்கு, உளுத்துப்போகாமல் இருக்க மருந்தேற்றிய மரம்தான் நல்லது என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். இங்கே அது ஆகாது. இப்போது கடையில் கிடைக்கும் மருந்து மரத்தில் செம்பு இருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். டிரெய்லரின் வெளித் தகடே அலுமினியம். அதனால் சாதாரண ஃபர் மரத்தில் இரண்டுக்கு இரண்டு கட்டை வாங்கி, எபாக்சிப் பசை பூசிக் காயவைத்து, பழைய நல்ல கட்டையோடு ஓரடி ஒட்டுப்போட்டு ஏற்றினேன். நனைந்த பஞ்சை எறிந்துவிட்டு நுரைப்பலகை வைத்தேன். மூலைப் பட்டையின் அடியில் புதிதாக பியூட்டைல் டேப் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் நாடா, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ. ஸ்க்ரூவை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. ஒரு சுற்று முறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி முறுக்கினால் டேப் மெல்ல அமுங்கி ஓரத்தில் பிதுங்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிட்டால் போதும்.

அதற்குள் நவம்பர் வந்துவிட்டது. அந்தக் குளிரில் சீலண்ட் ஒட்டாது. தார்ப்பாய் போட்டு மூடி, தண்ணீர்க் குழாய்களில் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றிவிட்டு ஏப்ரல் வரை காத்திருந்தேன். வசந்தத்தில் கூரை மேல் ஏறி, காற்றுப்போக்கி, குழாய் வாய் எல்லாவற்றைச் சுற்றியும் தானே பரவிப் படியும் சீலண்டை ஊற்றினேன். அது சமதளத்துக்குத்தான். பக்கச் சுவரில் போட்டால் வழிந்துவிடும், அங்கே வழியாத ரகம் வேண்டும். சிலிகான் மட்டும் எங்கும் போடவில்லை. அதன் மேல் நாளைக்கு வேறு எதுவும் ஒட்டாது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சக்கர வேலை. அன்றைக்குப் பெரியவளும் வந்திருந்தாள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அவளுக்கு என்ன பொறுப்பு என்பது அன்றுதான் தீர்மானமானது.

ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் 'டக் டக்'கென்று ஆட்டம். மூடியைத் தட்டி எடுத்து, பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி பிரேக் டிரம்மை வெளியே இழுத்தேன். உள்ளே கிரீஸ் கறுத்து, பழைய வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சிலுக்குப் பொதுவாக வருகிற பேரிங்தான்: உள்ளே எல் 68149, வெளியே எல் 44649. வெளி பேரிங்கின் ஓர் உருளையில் நீலம் பாரித்திருந்தது. அது சூடு கண்டதன் அடையாளம். இரண்டு பக்கமும் பேரிங், அது ஓடுகிற வளையம், சீல் எல்லாமே புதிதாகப் போட்டேன்.

பீளமேட்டில் அப்பாவின் லேத் பட்டறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலை பேரிங்குக்குக் கிரீஸ் ஏற்றுவது. இதற்கு இப்போது கருவி இருக்கிறது. ஆனால் கைதான் சரியாகச் செய்யும் என்பது என் அனுபவம். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் வைக்க வேண்டும். வலது கையில் பேரிங்கைப் பிடித்து, அதன் அகலமான வாயை அந்தக் கிரீஸில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். முதல் பத்து அழுத்தில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மேல் பக்கத்தில் உருளைகளின் இடுக்கிலிருந்து புழு மாதிரி சின்னச் சின்னதாகக் கிரீஸ் எட்டிப்பார்க்கும். அந்த இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் திருப்பி, அடுத்த இடம். பெரியவள் முதலில் விரல் நுனியால் தொட்டாள், அப்புறம் மணிக்கட்டு வரை கிரீஸானாள். இரண்டாவது பேரிங்கை அவளே முழுக்க நிரப்பினாள். நட்டை முறுக்கும்போது டிரம்மைச் சுற்றிக்கொண்டே முறுக்கி, பேரிங் நன்றாகப் பதிந்ததும் நட்டைத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கிப் பின்னை மாட்ட வேண்டும். "ஏன் அப்புச்சி, டைட்டா வெச்சா இன்னும் நல்லதுதானே?" என்று கேட்டாள். டைட்டாக இருந்தால் சூடாகும், சூடானால் கிரீஸ் இளகி ஓடிவிடும், நடு ரோட்டில் சக்கரம் பிடித்துக்கொள்ளும் என்றேன். "அப்ப சூட்டை எப்பிடிப் பாக்கறது?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவள் கையில் தொடாமல் சூடு பார்க்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு சக்கரத்தின் நடுப்பகுதிச் சூட்டையும் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு.

டயர் இரண்டும் பார்வைக்குப் புதிதாகத்தான் இருந்தன. பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தைப் படித்தால் செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்தில் வெயில் பட்டு வயதாகிச் சாவதுதான் அதிகம். இரண்டையும் மாற்றினேன். 14 அங்குலம், ஒவ்வொன்றும் 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டு தாங்கும்.

கேஸ் சிலிண்டர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். ரெகுலேட்டர் பக்கத்தில் ஓரிடத்தில் வந்தது, குழாயை மாற்றியதும் நின்றது. தண்ணீர்த் தொட்டி 30 கேலன். 15 கேலனுக்குக் கால் கப் கணக்கில் அரை கப் ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து, வாசம் போகும் வரை அலசினேன்.

எடை விஷயம்தான் எனக்கு அதிகப் பயம் தந்தது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது டிரெய்லர் வாலாட்டக் கூடாது. எங்கள் ஹைலேண்டர் கார் 5,000 பவுண்டு வரை இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. ஆனால் அந்த எண் மட்டும் போதாது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை அதன் மூக்கில், அதாவது காரின் கொக்கி மேல், இறங்க வேண்டும். குறைந்தால் ஆட்டம் எடுக்கும். இதை வீட்டுக் குளியலறைத் தராசிலேயே பார்க்கலாம். ஒரு வலுவான கட்டையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையைத் தராசு மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடியும் தராசிலிருந்து இரண்டடியும் தள்ளி மூக்கை இறக்கினால், தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும்.

சாமான் எல்லாம் ஏற்றி, தண்ணீரும் நிரப்பிவிட்டு முதல்முறை பார்த்தேன். தராசில் 96, அதாவது மூக்கில் 288 பவுண்டு. வண்டியின் எடை அப்போது கிட்டத்தட்ட 3,730. எட்டு சதவீதம்கூட இல்லை. யோசித்துப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டி பிள்ளைகள் படுக்கைக்குக் கீழே, ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. 30 கேலன் தண்ணீர் என்றால் 250 பவுண்டு. அது பின்னால் அமுக்கி மூக்கைத் தூக்கிவிடுகிறது. தொட்டியைக் காலி செய்துவிட்டுப் பார்த்தேன். 132, மூக்கில் 396 பவுண்டு, பதினொரு சதவீதத்துக்கு மேல். அன்றிலிருந்து தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டுவதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் நிரப்புவது.

இவ்வளவும் முடிந்தபின், ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு டிரைவ்வேயிலேயே முதல் ராத்திரி. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டு வாங்க முடியும் என்றால் அது இதுதான்: முதல் ராத்திரியை உங்கள் வாசலில் போடுங்கள், பிள்ளைகளோடு போடுங்கள். நீங்கள் மட்டும் படுத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

அன்று ஒன்பது மணிக்கு விளக்கணைத்தோம். முதலில் தண்ணீர் பம்ப். யாரும் குழாய் திறக்காமலே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 'டுர்ர்' என்று இரண்டு நொடி ஓடி நின்றது. பகலில் அந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை. எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துத் தேடினால், தண்ணீர் வடிகட்டியின் மூடிக்கு அடியில் ஒரு சொட்டு. ரப்பர் வளையம் புரண்டிருந்தது. எடுத்துத் துடைத்து வைத்தேன். அந்த ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது, நான் புதிதாக வைத்த மரத்துக்கு அரையடி தள்ளி.

அப்புறம் சின்னவன். மேல்படுக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறியவன், பத்தரை மணிக்கு, "அப்புச்சி, நான் கீழ விழுந்துருவேன்" என்றான். தடுப்புப் பலகையைப் பார்த்தால், மெத்தைக்கு மேல் மூன்று அங்குலம்தான் நின்றது. பழைய மெத்தையை எறிந்துவிட்டுக் கொஞ்சம் தடிமனாக வாங்கிப் போட்டது நான்தான். தடுப்பின் உயரம் குறைந்துபோனதை யோசிக்கவில்லை. பெரியவள் மேலே ஏறிக்கொண்டாள், அவன் கீழே வந்தான். மறுநாள் காலையில் ஆறங்குலப் பலகை ஒன்றை அறுத்து, ஓரத்தை இழைத்து, தடுப்போடு போல்ட் போட்டுச் சேர்த்தேன். பெரியவள் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

இரண்டு மணிக்கு 'கீச்... கீச்...' என்று ஒரு சத்தம். "ஏனுங்க, எலி ஏதாச்சும் உள்ள பூந்திருச்சுங்களா?" என்று வீட்டுக்காரி எழுந்து உட்கார்ந்தாள். தரைக்குப் பக்கத்தில் கேஸ் கசிவைக் காட்டும் கருவி கத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, பிள்ளைகளைப் போர்வையோடு வீட்டுக்குள் அனுப்பிவிட்டுச் சிலிண்டரை மூடினேன். கசிவு இல்லை. கருவியின் முதுகில் இருந்த தேதியைப் படித்த பிறகு விளங்கியது, அது தன் ஆயுள் முடிந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கருவிகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வருடம்தான் ஆயுள். இதற்கு அதைப் போல இரண்டு மடங்கு. எட்டு மாதமாக மரத்தையும் பேரிங்கையும் பார்த்தவன், பிள்ளைகளின் உயிரைக் காக்கிற பொருளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. மறுநாள் கடை திறந்ததும் அதையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் சேர்த்து மாற்றினேன். வாசலில் நடந்ததால் பிள்ளைகள் தூக்கம் கெட்டதோடு போயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே ஃபிரிட்ஜை ஓடவிட்டோம். டிரெய்லர் ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. கம்ப்ரஸர் கிடையாது, சூட்டில் அம்மோனியா ஓடிக் குளிர்விக்கிற வகை. குளிரவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வண்டி சமமாகவும் நிற்க வேண்டும். சின்னவனுக்குப் பொறுப்பு கொடுக்க அதுவே வழியானது. என் பழைய ரசமட்டத்தை அவன் கையில் கொடுத்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்தால்தான் "ஓகே" சொல்ல வேண்டும், அவன் சொல்லும் வரை நான் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். யூஎஸ்-23 நெடுஞ்சாலை வழியாக ஃபிளின்ட், அங்கிருந்து ஐ-75-இல் வடக்கே. வேகம் அறுபதைத் தாண்டவில்லை. ஐம்பது மைல் தாண்டியதும் முதல் நிறுத்தம். புதிதாகச் சக்கரம் மாட்டினால் அந்தத் தூரத்தில் நட்டுகளை இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி பார்த்தே ஆக வேண்டும். நான் ரெஞ்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பெரியவள் சக்கரத்துப் பக்கம் போய்விட்டாள்.

"அப்புச்சி, அந்தப் பக்கம் நூத்தி ஒண்ணு. இந்தப் பக்கம் நூத்தி நாப்பத்தெட்டு."

மறுபடி பார்க்கச் சொன்னேன். அதே எண். இடது சக்கரம் நாற்பத்தேழு டிகிரி பாரன்ஹீட் அதிகம். பேரிங்கை இறுக்கிவிட்டோமோ என்று வயிற்றில் ஒரு பிடி. பிள்ளைகளை அம்முச்சியோடு புல்தரையில் தள்ளி உட்காரவைத்து, வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போட்டு, இடது பக்கச் சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்தேன். சக்கரத்தை அசைத்தால் ஆட்டம் இல்லை, பேரிங் சத்தமும் இல்லை. சுற்றினால் முக்கால் சுற்றிலேயே 'சர்ர்' என்று உரசி நின்றது. பிரேக் ஷூ நெருக்கமாக இருந்தது. டிரம்முக்குப் பின்னால் ரப்பர் அடைப்பை எடுத்து, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை வளைந்த கம்பியால் ஆறு பல் தளர்த்தினேன். இப்போது லேசாக உரசிக்கொண்டே இரண்டு சுற்று ஓடியது. அவ்வளவுதான் வேண்டும். வெஸ்ட் பிராஞ்ச் பக்கத்தில் அடுத்த நிறுத்தம். வலது 104, இடது 109. நோட்டில் அந்த இரண்டு எண்ணையும் அவள் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

அதே நிறுத்தத்தில் டிரெய்லர் கதவைத் திறந்தால் தரை முழுக்க தோசை மாவு. ஃபிரிட்ஜ் கதவின் பயணக் கொக்கியை யாரும் மாட்டவில்லை. மூன்று நாளுக்கான மாவு மேசைக்கால் வரை ஓடியிருந்தது. துடைக்க முக்கால் மணி நேரமும் இரண்டு பெரிய துண்டும் ஆயின. மிஞ்சியது ஒருவேளைக்கு. அதிலிருந்து ரசமட்டத்தோடு இன்னொரு வேலையும் சின்னவனுக்குச் சேர்ந்தது: கிளம்பும் முன் உள்ளே உள்ள ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்ப்பது. மொத்தம் பதினொரு கதவு என்று எண்ணி வைத்தான். அதற்கப்புறம் எதுவும் திறக்கவில்லை.

கேலார்ட் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம், பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் நடுப்பாதி என்று ஒரு பலகை வரும். 45-வது அட்சரேகை. அதைப் பார்த்ததும் இருவரும் பின்சீட்டில் கத்திய கத்து! அங்கே இறங்கி எம்-32 வழியாக மேற்கே போய், யூஎஸ்-131 பிடித்து பெட்டோஸ்கி. ஊரைத் தாண்டியதும் பெட்டோஸ்கி ஸ்டேட் பார்க். லிட்டில் டிராவர்ஸ் வளைகுடாவைப் பார்த்த மணற்கரை, பின்னால் மணல் மேடு, மரநிழலில் இடம். ஆறு மாதம் முன்னாலேயே, ஜனவரி பனியில் உட்கார்ந்து, முன்பதிவு திறந்த அன்றே பிடித்த இடம்.

வலது சக்கரத்துக்கு அடியில் இரண்டு பலகை ஏற வேண்டியிருந்தது. சின்னவன் தரையில் மண்டியிட்டுக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல... இல்ல... இன்னும் கொஞ்சம்... ஓகே!" அதன் பிறகுதான் முட்டுக்கட்டை, அதன் பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. இந்த வரிசை மாறவே கூடாது. நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் வண்டி ஆடாமல் நிற்கத்தான், அவற்றால் வண்டியைத் தூக்கிச் சமப்படுத்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

ஜூலையில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் ஏரிக்குள் இறங்கும். இருட்ட இன்னும் ஒரு மணி நேரம். பிள்ளைகளுக்கு எட்டரைக்குத் தூக்கம் என்பதெல்லாம் நடக்காது. ஜன்னல் அளவுக்கு வெட்டிக்கொண்டு போன வெள்ளித்தாள் அட்டையைப் படுக்கைப் பக்கம் மாட்டியதும்தான் கண் மூடினார்கள். அடுப்பு முழுக்க வெளியில்தான். மீந்த மாவில் அம்முச்சி வார்த்த தோசை, கட்டிக்கொண்டு போன புளியோதரை, அடுத்த நாள் கஞ்சி. கை கழுவுகிற தண்ணீர்த் தொட்டி இரண்டாம் நாளே முக்கால் நிறைந்துவிட்டது. வீட்டுப் பழக்கத்தில் பிள்ளைகள் குழாயைத் திறந்தபடியே விடுவார்கள். வெளியே மேசை மேல் ஒரு குழாய் வைத்த தண்ணீர் கேனும் வாளியும் வைத்ததும் அது சரியானது.

மூன்றாம் நாள் மழை. நான் எட்டு மாதமாகக் காத்திருந்த மழை என்றே சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அன்று கல் வேலை.

பெட்டோஸ்கி கல் என்பது மிச்சிகன் மாநிலத்தின் கல், 1965-இல் அறிவித்தார்கள். 35 கோடி ஆண்டுக்கும் முன்பு இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தபோது வாழ்ந்த பவளம், கல்லாகிக் கிடக்கிறது. காய்ந்திருந்தால் வெறும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல், கண்ணில் படாது. தண்ணீரில் நனைத்தால் தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சுற்றிலும் மெல்லிய கோடுகள். முதல் இரண்டு நாளும் இருவரும் கணுக்கால் தண்ணீரில் குனிந்தபடியே நடந்தார்கள். ஒருவருக்கு வருடத்துக்கு 25 பவுண்டு வரை எடுத்துப்போகலாம். நாங்கள் எடுத்தது கைப்பிடி அளவு, ஆறு கல்.

அது மிருதுவான கல், அதனால் மெஷின் வேண்டாம். நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் போதும். மேசையில் ஒரு தட்டில் தண்ணீர், 220-ஆம் தாளில் ஆரம்பம். கீறல் எல்லாம் மறையும் வரை அதிலேயே தேய்க்க வேண்டும், அடுத்ததுக்கு அவசரப்படக் கூடாது. கழுவித் துடைத்து, காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் மறுபடி 220. அப்புறம் 400, அப்புறம் 600, கடைசியில் வெல்வெட் துணியில் பாலிஷ் பொடி. பெரியவள் சாயங்காலத்துக்குள் ஒரு கல்லை முடித்துவிட்டாள். காய்ந்த பிறகும் கட்டம் தெரிந்த முதல் கல். சின்னவன் பெரிய கல்லாகத் தேர்ந்தெடுத்திருந்தான். 220-இலேயே இரண்டு மணி நேரம் தேய்த்தான், ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. மழைச் சத்தமும் உப்புத்தாள் சத்தமும் மட்டும்தான். கையில் ஃபோன் இல்லை என்பதை அவர்களும் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

திரும்பும் அன்று கழிவுத் தொட்டிகளைக் காலி செய்தோம். முதலில் கக்கூஸ் தொட்டி, பிறகு கை கழுவிய தண்ணீர்த் தொட்டி, அப்போதுதான் குழாய் அலசிக்கொள்ளும். பதினொரு கதவும் இழுத்துப் பார்க்கப்பட்டன. வழியில் மூன்று நிறுத்தம், சக்கரச் சூட்டில் எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

கேன்டன் வந்து சேர்ந்த மாலை, பிள்ளைகளைக் கூட்டிப்போக மகள் வருவதற்குள், மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். படுக்கைக்கு மேல், அந்த மூலையில், இரண்டு ஊசியையும் குத்தினேன். பெரியவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப்பார்த்தாள். 11. நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

சின்னவனின் கல் இப்போது மேசைக்கு அடியில் உள்ள இழுப்பறையில் இருக்கிறது. 400 வரை தேய்த்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். 600 தாள் இரண்டு வாங்கி அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.